தமிழ்ப் பெண்ணாக ரோஷானி

இந்திரகுமார் கேட்டது சீதனமில்லை, ஒரேயொரு கேள்வி. மதியச் சாப்பாட்டு நேரத்தில், கென்டீனில், நாலு பேர் முன்னால் ரோஷானி அவனைப் பார்த்து, "குமார், சாப்டீங்களா?" என்று தமிழில் கேட்கவேண்டும். கேட்டால் வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மா ஜெயம்மா வெற்றிலைத் தட்டோடு பெண் கேட்டு வருவார்.

"கேக்காட்டி?"

"கேக்காட்டி அம்மா கஹவத்த மாமா வீட்டுக்குப் போவாங்க. மாமா மகளுக்கு இந்த வெக்கமெல்லாம் இல்ல. பஸ் ஹோல்ட்டுல நின்னுகிட்டே தமிழ்ல கத்துவா."

பகிடியாகத்தான் சொன்னான். ஆனால் முகத்தில் சிரிப்பில்லை. மூன்று வருடக் காதல். ருவான்வெல்லைக்குப் பக்கத்திலுள்ள அந்த ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் அவன் பெக்கிங் பகுதி, அவள் ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழில் கொஞ்சுகிறவள், திங்கட்கிழமை அவன் ஏதாவது படிவத்தோடு ஆபீஸுக்கு வந்தால், "என்ன வேணும் மல்லி?" என்று சிங்களத்தில் கேட்பாள். மல்லி என்றால் தம்பி. அவன் அவளைவிட இரண்டு வயது மூத்தவன்.

அவள் யாரிடமும் பொய் சொன்னதில்லை. பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லாததால் சிங்களத்தில் படித்தாள். அப்பா பெயர் ஸ்டீபன். எஸ். ரோஷானி என்ற பெயரைப் பார்த்துச் சிங்களம் என்றே நினைத்தார்கள்; யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மாலையில் மட்டும் தன் வீடு இருக்கும் ரப்பர் தோட்டத்துக்கு முந்திய ஹோல்ட்டில் இறங்கி, ஆபீஸ் சிநேகிதிகளின் பஸ் வளைவில் மறையும்வரை நின்றுவிட்டு நடப்பாள். அவள் தமிழ் என்பது கணக்குப் பிரிவு ஸும்றாவுக்கு மட்டும் தெரியும். வீட்டில் தமிழ் பேசுகிற ஸும்றா, ஒருநாள் ரோஷானியின் விரல் கதவில் நசுங்கியபோது வாயிலிருந்து வந்த "ஐயோ அம்மா"விலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

அந்த வாரம்தான் மனிதவள முகாமையாளர் திலினி மேடம் ஆபீஸில் எல்லோரையும் கூட்டினார். வெளிநாட்டுக் கொள்வனவாளர்கள் ஒரு வீடியோ கேட்டிருக்கிறார்கள். கம்பனியில் எல்லா இனத்தவரும் தங்கள் இயல்போடு வேலை செய்கிறார்கள் என்று தெரியவேண்டும். "எல்லாம் ஒதென்டிக்கா, அசலா இருக்கணும்," என்றார் மூன்று தடவை. சிங்களத்துக்குக் கண்டிச் சேலையோடு ஒருவர் கிடைத்தார். முஸ்லிமுக்கு ஸும்றா இருந்தாள். தமிழுக்குத்தான் ஆளில்லை.

"பெக்டரியில நாப்பது பேர் இருக்காங்களே மேடம்," என்றாள் ஸும்றா.

"அவங்க கெமராவப் பார்த்தா பயப்படுவாங்க. இயல்பா வராது." திலினி மேடத்தின் பார்வை மேசை மேசையாக நகர்ந்து ரோஷானியிடம் நின்றது. "ரோஷானி நங்கி, உங்களுக்குத் தமிழ் முகவெட்டு கொஞ்சம் இருக்கு. கோவிச்சுக்காதீங்க. நீங்க செய்ங்களேன்." நங்கி என்றால் தங்கை.

ஸும்றா ஒரு பைலை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். வெளியே வந்ததும் தமிழில், "அல்லாவே! ஒன்னாட்டம் ஒன்னையே வேஷம் போடச் சொல்றாங்களே!" என்றாள்.

புதன்கிழமை வேஷம் போட்டார்கள். மஞ்சள் சேலை, காகித மல்லிகை, முதுகில் ஒரு கொழுந்துக் கூடை. நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனபோது யாரோ வாங்கி வந்தது. ரோஷானியின் அம்மா தெரேசம்மா இருபத்தாறு வருடமாக ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், தேயிலைக் கொழுந்தைக் கையால் தொட்டதில்லை. மாதா கோயிலுக்குப் போகும் வேதக்கார வீட்டில் பிறந்த ரோஷானியின் நெற்றியில் அன்றுவரை பொட்டு ஏறியதும் இல்லை. முதல் பொட்டைத் திலினி மேடமே ஒட்டிவிட்டார், ஐம்பது சதக் காசு அளவில்.

"இப்ப சரியா இருக்கா? உண்மையான தமிழர் யாரையாவது கூப்பிட்டுக் கேளுங்க."

பெக்கிங் பகுதியிலிருந்து வந்தவன் இந்திரகுமார். தலையில் வலைத்தொப்பி. அவளைப் பார்த்ததும் ஒரு கணம் கதவிலேயே நின்றுவிட்டான்.

"மல்லி, நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. தமிழ்ப் பொண்ணு மாதிரி இருக்கா?"

அவன் நிதானமாகச் சுற்றிவந்து பார்த்தான். சிங்களத்திலேயே பதில் சொன்னான். "கூடை பிழை மேடம். இந்தப் பக்கம் ரப்பர்தானே, எங்க பொம்பளைங்க பால் வாளிதான் தூக்குவாங்க."

"வாளி வீடியோவுல அழகா வராது. மற்றதெல்லாம்?"

"மற்றதெல்லாம் அழகாத்தான் இருக்கு. ஆனா தமிழ்ப் பொண்ணுன்னு என்னால சொல்ல முடியாது."

"ஏன்?"

"தமிழ்ப் பொண்ணா இருந்தா, தெரிஞ்ச ஆளப் பார்த்ததும் தமிழ்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கும்."

சாப்பாட்டுச் சங்கு ஊதியது. அவன் திரும்பி நடந்தான். அந்த முதுகைப் பார்த்தபோது, அது கஹவத்தை பஸ்ஸில் ஏறிப் போய்விடும் முதுகு என்று ரோஷானிக்குத் தோன்றியது. தமிழிலேயே கூப்பிட்டாள்.

"குமார்! நில்லுங்க. சாப்டீங்களா?"

திலினி மேடம் கைதட்டினார். "அனே! என்ன உச்சரிப்பு! எங்க பழகினீங்க நங்கி?"

"பழகல மேடம்," என்றாள் ரோஷானி சிங்களத்தில். "நான் தமிழ். எங்கம்மா கீழ்த் தோட்டத்துல பால் வெட்டுறாங்க. நாங்க லயத்து வரிசை வீட்டுலதான் இருக்கோம். இவர் மல்லி இல்ல. நான் கட்டிக்கப்போறவர்."

"சுப்பர்! கண்ணுல தண்ணிகூட வருது! இதையே கெமராவப் பார்த்து இன்னொரு தடவை சொல்லுங்க."

"மேடம், அவ மெய்யாத்தான் சொல்றா," என்றாள் ஸும்றா.

"நீங்க உங்க பார்ட் வரும்போது பேசுங்க."

இரண்டு தடவை எடுத்தார்கள். முதல் தடவை வெளிச்சம் போதவில்லையாம்.

ரோஷானி கூடையைக் கழற்றி வைத்துவிட்டு, பொட்டும் காகித மல்லிகையுமாகக் கென்டீனுக்குப் போனாள். நூறு பேர் பார்க்க அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"கேட்டதுக்கு இன்னும் பதில் வரல."

"சாப்பிடல," என்றான் குமார். சோற்றுப் பொதியை அவள் பக்கம் நகர்த்தினான். "மூணு வருஷமா யாரும் கேக்கல. அதான்."

அவள் சிரிக்கப்போய் அழுதாள். அவன் பொட்டைக் காட்டி, "அத எடுத்துரு. நீ நீயாட்டம் இல்ல," என்றான்.

"கோயிலுக்குப் போற ஒங்கம்மா வைக்கச் சொல்ல மாட்டாங்களா?"

"கேட்டா, மேடம்கிட்ட வச்சுக்கிட்டது போதும்னு சொல்லிரு."

அன்று மாலை அவள் தன் சொந்த ஹோல்ட்டில், மற்றவர்கள் பார்க்கவே இறங்கினாள். ஜன்னலால் எட்டிப் பார்த்த ஒருத்தி, "வீடியோ முடிஞ்சதே ரோஷானி, இன்னுமா நடிக்கிற?" என்று கத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயம்மா வெற்றிலைத் தட்டோடு வந்தார். சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு தாள் தொங்கியது. கம்பனி கொடுத்தது, தெரேசம்மா பெருமையாக மாட்டியது. அதில் எழுதியிருந்தது: தமிழ்ப் பெண்ணாக மிகச் சிறப்பாக நடித்த செல்வி எஸ். ரோஷானிக்குப் பாராட்டுச் சான்றிதழ்.

ஜெயம்மா அதை உற்றுப் பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது. மகன் பக்கம் குனிந்து, "ஏண்டா, ஆபீஸ் பொண்ணுங்கிறாங்க, சிங்களத்துலதான் பேசுவாளாமே. நம்ம தமிழ் ஆளுங்கதானே?" என்று மெல்லக் கேட்டார்.

"கம்பனியே சர்டிபிகேட் குடுத்திருக்கும்மா," என்றான் குமார்.