லீவு சாமியின் நாற்பத்தொரு விதிகள்

ஒரு மனுஷனைத் தொலைத்துக்கட்டுவதற்காகக் கம்ப்யூட்டர் படித்தவன் இந்தப் பம்பாயிலேயே பூலோகம் ஒருத்தன்தான். மற்றவர்கள் எல்லாரும் நல்ல உத்தியோகத்துக்காகப் படித்தார்கள். இவன் மாட்டுங்காவில் பி.எஸ்ஸி. கணக்கு முடித்திருந்தான். 1966-ல் அதே கல்லூரியில் மாலை வகுப்பாகப் புரோகிராமிங் தொடங்கியபோது போய்ச் சேர்ந்தான். கல்லூரியில் கம்ப்யூட்டர் என்று ஒன்று கிடையாது. காகிதத்தில் எழுதினார்கள், அட்டையில் துளை போட்டார்கள், மாதத்துக்கு ஒருமுறை ஏதோ ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் இயந்திரத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கச் சொன்னார்கள். கோவிலில் கூட இதைவிடப் பக்கத்தில் விடுவார்கள்.

படித்தால் எங்கெல்லாம் போகலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். எண்ணெய்க் கம்பெனி, பாங்கு, விமானக் கம்பெனி, அதிர்ஷ்டம் இருந்தால் அமெரிக்கா. பையன்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். பூலோகத்தின் காதில் விழுந்தது வேறு. ஒரு கிளார்க் தலைக்குள் என்னென்ன வைத்திருக்கிறானோ அதையெல்லாம் கேள்வி கேட்டு வெளியே எடுக்க வேண்டும், கட்டம் கட்டமாகப் போட்டு அம்புக்குறி இழுக்க வேண்டும், பிறகு அதை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும் என்றார் விரிவுரையாளர். அப்புறம் அந்தக் கிளார்க் எதற்கு என்று யாரோ ஒருவன் கேட்டான். எதற்குமில்லை என்று அவர் சிரித்தார். அந்த நிமிஷமே பூலோகம் முடிவு செய்துவிட்டான்.

அந்தக் கிளார்க்கின் பெயர் அனந்தநாராயணன். செம்பூரில் ஏழாயிரம் பேர் வேலை பார்க்கும் ஒரு தொழிற்சாலையில் லீவுப் பிரிவுக்குத் தலைமை. தொழிலாளிகள் அவருக்கு வைத்த பெயர் லீவு சாமி. பூலோகத்தின் அப்பா தளவாய் அங்கேதான் லேத் பட்டறையில் பதினெட்டு வருஷம் உழைத்தார். 1956 நவம்பரில் அம்மா முருகம்மாள் வள்ளியூர்ப் பக்கத்து ஊரில் படுத்த படுக்கையானாள். தந்தி அடித்தார்கள். ஏழு நாள் அவள் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். எட்டாம் நாள் பதினோரு வயதுப் பூலோகம் கொள்ளி வைத்தான். அதற்கப்புறம்தான் அப்பா வந்து இறங்கினார்.

"அந்த லீவு சாமி லீவு தரமாட்டேன்னுட்டாருலே," என்று அவர் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதார். மகனைத் தாராவிக்குக் கூட்டிவந்தார். பூலோகம் அந்த ஒரு வாக்கியத்தைத் தின்றுதான் வளர்ந்தான் என்று சொல்ல வேண்டும்.

படிப்பு முடிந்ததும் எண்ணெய்க் கம்பெனியிலிருந்து வேலை வந்தது. வேண்டாம் என்றான். கூடப் படித்தவர்கள் அவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். மூன்று மாதம் காத்திருந்து, அதே தொழிற்சாலை கம்ப்யூட்டர் வாங்கப் போகிறது என்று விளம்பரம் வந்தவுடன் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டான். அப்பா அதற்குள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். தளவாய் மகன் என்று அவன் அங்கே யாரிடமும் மூச்சு விடவில்லை. எந்தப் பிரிவை முதலில் இயந்திரத்தில் ஏற்றலாம் என்று மேலாளர் ஜகந்நாதன் கேட்டபோது, வாய் தயாராக இருந்தது. லீவுப் பிரிவு என்றான்.

1968 ஜூன் மாதத்திலிருந்து தினமும் காலையில் லீவு சாமியின் மேஜைக்கு எதிரே போய் உட்கார்ந்தான். சாமி ஒல்லியான மனுஷர். சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருப்பார். முதல் நாள் அவர் முகத்தைப் பார்த்தபோது பூலோகத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த ஆளோ, காபி குடிக்கிறாயா என்று கேட்டார். பாவி, என் அம்மாவைக் கொன்றுவிட்டுக் காபி கேட்கிறான் பார் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே குடித்தான்.

விதிகள் வந்துகொண்டே இருந்தன. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலும் பின்னாலும் லீவு எடுத்தால் ஞாயிறும் லீவில் சேரும். கணபதி பூஜைக்குக் கொங்கண் போகிறவன் பத்து நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். பயண நாள் என்று தனியாகக் கொடுக்க வேண்டும், ரத்னகிரிக்கு ஒன்று, திருநெல்வேலிக்கு மூன்று. இந்தப் பயண நாள் எந்தப் புத்தகத்திலும் கிடையாது, நாற்பத்தொன்பதாம் வருஷம் நானாக எழுதி மேலிடத்தில் கையெழுத்து வாங்கினேன் என்றார் சாமி. பூலோகம் தலையைத் தூக்காமல் கட்டம் போட்டான். தங்கமானவன் மாதிரிப் பேசுகிற ஆளைக் கண்டால் அவனுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

இருபத்தேழாவது விதி ஒரு புதன்கிழமை வந்தது. வீட்டில் யாருக்காவது சீரியஸ் என்று தந்தி வந்தால் லீவு மீதி இருக்கிறதா என்றே பார்க்கக் கூடாது. அன்றைக்கே அனுப்பிவிட வேண்டும். மீதி இல்லாவிட்டால் அடுத்த வருஷத்தில் கழித்துக்கொள்ளலாம். பூலோகம் பென்சிலை அழுத்திய அழுத்தில் காகிதம் கிழிந்தது. எப்போதிலிருந்து இந்த விதி என்று கேட்டான். நாற்பத்தொன்பதிலிருந்து என்றார் சாமி. இல்லையென்று யாருக்காவது வாயால் சொல்லி, எழுதாமல் விட்டதுண்டா என்று கேட்டான்.

"இல்லைன்னாலும் காரணத்தோட ரிஜிஸ்தர்ல ஏத்தணும்ப்பா. முப்பது வருஷத்துல ஒண்ணு விட்டதில்லை," என்றார்.

தந்திக்காரனை அன்றைக்கே அனுப்புகிற விதியாவது, புளுகு என்று பூலோகம் நினைத்தான். நினைக்கும்போதே சந்தோஷமாகவும் இருந்தது. ஏனென்றால் சோதனைக்காகப் பதினைந்து வருஷத்துப் பழைய ரிஜிஸ்தர்களை எல்லாம் அட்டையில் துளைபோட்டுக்கொண்டிருந்தார்கள். சாமி பேனாவால் என்ன எழுதினாரோ அதுவும், அவருடைய விதிகளை வைத்து இயந்திரம் சொல்வதும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகும். அப்பாவின் தொழிலாளி டிக்கெட் நம்பர் 1742, தளவாய், தந்தி, மறுப்பு என்று ஒரு வரி வரும். சாமி வாயாலேயே சொன்ன இருபத்தேழாவது விதி சாமியைக் காட்டிக்கொடுக்கும். வேலை மட்டும் போனால் போதாது, நெஞ்சு வெடித்துப் போக வேண்டும் அந்த ஆளுக்கு.

நாற்பத்தொன்றாவது விதியோடு சாமியின் தலை காலியானது. எல்லாக் காகிதத்திலும் அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்று வெள்ளிக்கிழமை. ஜகந்நாதன் பூலோகத்தைக் கூப்பிட்டு, லீவுப் பிரிவை மூடப்போகிறோம், மற்ற கிளார்க்குகளுக்கு வேறு பிரிவில் இடம் பார்த்தாயிற்று, அனந்தநாராயணனுக்கு ஓய்வு வயதுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது என்றார். சந்தேகம் கேட்க ஆள் வேண்டும் என்று நீ சொன்னால் கம்ப்யூட்டர் பிரிவிலேயே வைத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் மாதக் கடைசியில் அனுப்பிவிடலாம், உன் இஷ்டம் என்றார். பூலோகமோ, சனிக்கிழமை சோதனை ஓட்டம் முடியட்டும், திங்கட்கிழமை சொல்கிறேன் என்றான். பன்னிரண்டு வருஷம் காத்தவனுக்கு இன்னும் மூன்று நாள் காத்திருப்பது சுகமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலையில் அட்டைகளை ஊட்டினான். குளிரூட்டிய அறையில் அச்சு இயந்திரம் தடதடவென்று காகிதத்தைத் தள்ளியது. மேலிருந்து பார்த்துக்கொண்டு வந்த பூலோகம் 1742-ல் நின்றான். ஊரிலிருந்து தந்தி வந்த 1956 நவம்பர் 18-க்குத் தளவாய்க்கு மீதி இருந்த லீவு இருபத்துமூன்று நாள். 18 முதல் 26 வரை விண்ணப்பம் இல்லை. மறுப்பும் இல்லை. 27-ஆம் தேதி ஒரு விண்ணப்பம், மனைவி மரணம், அன்றைக்கே அனுமதி, திருநெல்வேலிப் பயண நாள் மூன்று சேர்த்து.

அட்டையில் பிழை என்று முதலில் அடித்துச் சொன்னான். பழைய ரிஜிஸ்தரை வரவழைத்துப் பார்த்தான். சாமியின் சாய்ந்த கையெழுத்தில் அதேதான் இருந்தது. அதே பக்கத்தில் அந்த வாரத்தில் தந்தி கொண்டுவந்த வேறு நாலு பேரை அவர் அன்றன்றே ஊருக்கு அனுப்பியிருந்தார். ஆள் வாயால் விரட்டிவிட்டு எழுதாமல் விட்டிருப்பான் என்று பூலோகம் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தான். ஏழாயிரம் பேரின் பதினைந்து வருஷக் கணக்கில் ஓர் இடத்தில்கூடப் பேனாவும் இயந்திரமும் சண்டை போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா குழாயடியில் தண்ணீர் பிடித்துவந்து, மகனுக்குப் பிடிக்கும் என்று மீன் கழுவிக்கொண்டிருந்தார். பூலோகம் சுற்றி வளைக்கவில்லை. தந்தி வந்த அன்றைக்கு லீவு கேட்டீங்களா என்று நேராகக் கேட்டான். கிழவர் கழுவுவதை நிறுத்தவில்லை. அவன் இன்னொரு முறை கேட்டான். மூன்றாம் முறை கேட்டபோது மீன் சட்டியைத் தள்ளி வைத்தார்.

"லீவு ஆபீஸ் ஜன்னல் வரைக்கும் போனேம்லே. சாமி என்ன வேணும்னு கேட்டாரு. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன்."

ஏன் என்றும் அவரே சொன்னார்.

"கேட்டா குடுத்துருவாரே. குடுத்துட்டா போவணும்லா. அவ சாவுறத கண்ணால பாக்கதுக்கு எனக்குப் பயம்லே. உங்கிட்ட வேற என்னத்தச் சொல்லச் சொல்லுத?"

பூலோகத்தின் கை ஓங்கிவிட்டது. ஓங்கிய கையைச் சுவரில் அடித்துக்கொண்டு வெளியே போனான். சயன் ஸ்டேஷன்வரை நடந்தான், திரும்பி வந்தான், மறுபடி நடந்தான். மதியம் பசித்தது. கேடுகெட்ட வயிறு என்று திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனான். அப்பா சோறு போட்டார். முள் எடுத்து மீனை இலை ஓரத்தில் வைத்தார். அவன் அவர் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டு முடித்தான்.

திங்கட்கிழமை ஜகந்நாதன் அறைக்குப் போகிற வழியில் சாமி அவனை மறித்தார். சோதனை ஓட்டத்தில் ஒரு பிழைகூட வரவில்லை என்று கேள்விப்பட்டிருந்தார் போலிருக்கிறது. முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது.

"முப்பது வருஷமா இதெல்லாம் என் மண்டைக்குள்ளேயே கிடந்ததுப்பா. என் பசங்க கூட என்ன வேலை பாக்கறேள்னு கேட்டதில்லை. நீ ஒருத்தன்தான் எதிர்ல உக்காந்து எல்லாத்தையும் எழுதிண்டே. நான் போனாலும் இருக்கும்," என்றார்.

பூலோகத்துக்குக் கண் கலங்கியது. கலங்கியதற்காகவே அந்த ஆள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவர் கெட்டவராக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா? ஒரே ஒரு முறை, ஒரே ஒருவனுக்கு, மாட்டேன் என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? இந்த ஆளை விட்டுவிட்டால் பன்னிரண்டு வருஷ நெருப்பை அவன் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவான்? அது போகக்கூடிய இடம் பாக்கி இருப்பது ஒன்றுதான். அந்த இடம் தாராவியில் இருமிக்கொண்டு அவனுக்கு ராத்திரிச் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தது.

ஜகந்நாதன் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, என்ன முடிவு, அனந்தநாராயணன் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். விதி எல்லாம் வந்துவிட்டதல்லவா என்றும் கேட்டார்.

"வந்துருச்சு சார். அவரு வேண்டாம்," என்றான் பூலோகம்.