மேனேஜருக்கு மூச்சு முட்டிய வாரம்

முப்பது வருஷமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனுஷன் அவர். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டை எட்டிப் பார்த்ததுமே, "எதைத் தொட்டீங்க?" என்று கேட்பார். "ஒண்ணும் தொடலையே!" என்பார்கள். அத்தனை பேரும் புளுகுவார்கள் என்பதுதான் தொழிலில் அவர் கற்ற முதல் பாடம். அப்பேர்ப்பட்ட ஆளைத்தான் ஒரு மீன் தொட்டி மண்ணைக் கவ்வ வைத்தது.

தொட்டி மகளுடையது. நாற்பது லிட்டர் உப்புத் தண்ணீர், இரண்டு பாறை, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரே ஒரு மீன். எந்நேரமும் மேற்பார்வை பார்க்கிற தோரணையில் சுற்றுவதால் அதற்கு மேனேஜர் என்று பேர். மேல்படிப்புக்கு வேறு ஊர் போனவள், மேனேஜரை அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். தினமும் சாயங்காலம் வீடியோவில் கூப்பிட்டு, "மேனேஜரைக் காட்டுங்க" என்பாள். மீனைச் சாக்கிட்டு அப்பாவிடமும் நாலு வார்த்தை. அந்த நாலு வார்த்தைக்காகத்தான் ஐயா நாள் முழுக்கக் காத்துக் கிடப்பார். வெளியே மட்டும் காட்டிக்கொள்ள மாட்டார்.

ஒரு வாரமாகத் தண்ணீரின் மேல் பாலாடை மாதிரி ஒரு படலம். சாய்ந்து பார்த்தால் வானவில் நிறம் காட்டும். அது காற்றை உள்ளே விடாமல் மூடிக்கொள்ள, மேனேஜர் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

மகள் வைத்தியம் சொன்னாள். வெள்ளைத் தாளைத் தண்ணீர் மேல் விரித்து, படலம் ஒட்டியதும் மெதுவாகத் தூக்க வேண்டும். மோட்டார் குழாயை மேல்பக்கமாகத் திருப்பி அலை எழுப்ப வேண்டும். இரண்டையும் செய்தார். சாயங்காலம் பளிச்சென்று இருந்த தண்ணீர் மறுநாள் காலையில் பழைய குருடியாகத் திரும்பி வந்தது.

"கையில க்ரீம், எண்ணெய் ஏதாவது இருந்துச்சாப்பா?"

"ஒண்ணும் தொடலையே!" என்றார்.

பழியைத் தூக்கி மனைவியின் வாணலி மேல் போட்டார். "நீ பொரிக்கிற புகைதான் தண்ணியில படியுது." பாவம், அந்த அம்மாள் நாலு நாளாக எல்லாவற்றையும் அவித்தே போட்டாள். இவரும் வாயைத் திறக்காமல் விழுங்கினார். தீர்ப்புச் சொன்னவரே அவர்தானே, யாரிடம் போய் முறையிடுவது?

படலம் அசைந்து கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மகள் சொல்லிவிட்டாள்: "இப்படியே விட்டா செத்துடும்பா. நாளைக்கு மீன் கடைக்காரர் வந்து எடுத்துட்டுப் போகட்டும்."

மீனே போய்விட்டால் அப்புறம் எதைக் காட்டச் சொல்லிக் கூப்பிடுவாள்?

மறுநாள் காலை வழக்கம்போல் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். கருவிப் பைக்குள் ஒளித்து வைத்திருந்த பாட்டிலை எடுத்தார். முப்பதே நாளில் முடி வளர்க்கும் தைலம்! ஒன்பது நாளாக வழுக்கையில் தேய்க்கிறார். மண்டை பளபளத்ததுதான் மிச்சம். கையைத் துண்டில் துடைத்துவிட்டு, தினமும் போலத் தொட்டிக் கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்ட வந்தார். கடைசி நாளாயிற்றே, மேனேஜரை நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கு விளக்கைப் போட்டார். கையை உள்ளே விட்டார். மணிக்கட்டைச் சுற்றி ஒரு வானவில் வட்டம் அழகாக விரிந்தது.

"அடக் கிறுக்கா!" என்றார். அங்கே நின்ற கிறுக்கன் அவர் ஒருவர்தான்.

உடனே மகளைக் கூப்பிட்டார். "கடைக்காரர் வேணாம்மா. இனிமே சரியாயிடும்."

"எப்படி?"

"ஆயிடும்னா ஆயிடும்."

"காரணம் தெரியாம ஓட ஆரம்பிச்ச லிஃப்டை நம்பாதேன்னு நீங்கதானேப்பா சொல்வீங்க?"

வகையாக மாட்டிக்கொண்டார். சமையலறை வாசலில் மனைவி வேறு வந்து நின்றாள். மானமா மீனா என்று ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு போய்ப் பாட்டிலைக் கொண்டுவந்து கேமராவுக்கு நேரே பிடித்தார்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நாலு நாளா அவிச்சுக் கொட்டினேனே, பாவி மனுஷா!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். தன் தலையில்தான். அவர் தலையில் அடித்தால் கை வழுக்கும்.

"இப்ப எதுக்குப்பா திடீர்னு முடி ஆசை?"

"அடுத்த மாசம் உன்னைப் பார்க்க வர்றேன்ல... போன தடவை ஹாஸ்டல் வாசல்ல அந்த செக்யூரிட்டி, உங்க தாத்தா வந்திருக்கார்னு உன்கிட்ட சொன்னான். நீ ஒண்ணும் சொல்லல. உனக்குக் கூச்சமா இருந்திருக்கும்னு..." என்று இழுத்தார்.

சிரிப்பு நின்றுபோயிற்று.

"நான் சொல்லியிருக்கணும்பா" என்றாள் மகள்.

"அட, விடும்மா. யார் பார்த்தாலும் அப்படித்தான் தோணும்."

"இல்லப்பா. மீன் அங்கேயே இருக்கட்டும். நீங்க அடுத்த மாசம் வரைக்கும் காத்திருக்க வேணாம், இந்த வாரமே வாங்க. இப்படியே வாங்க. செக்யூரிட்டி பக்கத்துல நான் நிக்கிறேன். எங்க அப்பான்னு நானே சொல்றேன்."