ஒரு வாரத்துக்கு இரண்டு வில்

அவள் பல் செட் செய்பவள். டாக்டர்கள் அனுப்பும் பிளாஸ்டர் அச்சுகளை வாங்கி, மெழுகில் பல் நட்டு, மெருகேற்றித் திருப்பி அனுப்புவாள். பதினெட்டு வருடத்தில் ஆயிரக்கணக்கானவர்களின் வாய் அவளுக்குப் பழக்கம். ஒருவரின் முகமும் தெரியாது.

ஆறு வருடம் படுக்கையில் கிடந்த அம்மா போய் எட்டு மாதமாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வதென்று தெரியாமல், கல்லூரியோடு விட்டுப்போன வில்லை மறுபடி தொட்டாள். பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் ஒரு மைதானம். அங்கே இரவல் வாங்கிய வில் அவளைவிட உயரம். அதை ஒரு முறை பஸ்ஸில் ஏற்றியபோது, "இது உக்காருமா, நிக்குமா மேடம்?" என்று கண்டக்டர் கேட்டார். பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும், அதைச் சொல்ல ஆள் இல்லை.

அதன் பிறகுதான் நடுவில் கழற்றி இரண்டு துண்டாகப் பைக்குள் போட்டுக்கொள்ளும் மர வில் ஒன்றைச் செய்யச் சொன்னாள். செய்பவரின் பட்டறை ஒரு பழைய கார் ஷெட். அவர் அதிகம் பேசாத மனிதர். ஒரு பழைய வில்லை இழுக்கச் சொல்லிப் பார்த்து, அளவு எடுத்து, மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் பெஞ்சின் மேல் இரண்டு வில் இருந்தன.

"நான் ஒண்ணுதானே கேட்டேன்?"

"உங்க உடம்பப் பாத்தா முப்பத்தஞ்சு பவுண்டு இழுவை போதும்னு தோணிச்சு. அன்னிக்கு நீங்க இழுத்தத நெனச்சா நாப்பத்தஞ்சு கேக்குது. எத நம்பறதுன்னு தெரியல. ரெண்டும் செஞ்சுட்டேன். ஒண்ண எடுத்துக்குங்க. இன்னொண்ணு யாருக்காவது போகும்."

லேசானது வெளிறிய மரம், மெல்லியது. இன்னொன்று கருத்த மரம், கைப்பிடி சற்றுத் தடிமன். இரண்டிலும் கைப்பிடிக்குள் ஓர் உலோகக் குழல். ஒரு பாதியை இன்னொன்றில் செருகினால் டக்கென்று உட்கார்ந்துகொண்டது.

கருப்பு வில்லை அவள் இழுத்தபோது, அவர் பின்னால் வந்து இரண்டு விரலை அவளுடைய தோள்பட்டை எலும்பின் மேல் வைத்தார். "இங்கேர்ந்து இழுங்க. கையால இழுக்காதீங்க."

அம்மா போனதிலிருந்து யாரும் தன்னைத் தொடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இழுத்த நாண் தானாகத் தளர்ந்து திரும்பிப் போனது.

"வலிக்குதா?"

"இல்ல. உங்களுக்கு எது நல்லாருக்குன்னு படுது?"

"ரெண்டும் நான் செஞ்சது. என்னப் போய்க் கேட்டா?" அவர் இரண்டையும் கழற்றி, நான்கு துண்டாக, சில அம்புகளோடு ஒரே பைக்குள் வைத்துக் கட்டினார். "ஒரு வாரம் வெச்சிருந்து பாருங்க."

வீட்டுக்கு வந்து, வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"வில்லா? இந்த வயசுலயா? எது ஸ்ட்ராங்கோ அத எடு. இரு, இன்னொரு கால் வருது."

அவ்வளவுதான். ஜன்னல் திரையின் நிறத்திலிருந்து அவள் செருப்பு வரை எல்லாவற்றையும் அம்மாதான் தேர்ந்தெடுத்தாள். அதைப் பற்றி அவள் யாரிடம்தான் குறை சொல்லவில்லை. இப்போது இரண்டு வில்லையும் மேசையில் வைத்துக்கொண்டு, 'அது வேணாம்டி' என்று ஒரு குரல் வராதா என்று உட்கார்ந்திருந்தாள்.

எய்து பார்க்க வீட்டில் ஒரே ஒரு இடம்தான் உண்டு: சமையலறை வாசலில் நின்றால் அம்மாவின் அறைச் சுவர் வரை எட்டு காலடி தூரம். நடுவில் கட்டில். இத்தனை நாள் அதை அவள் நகர்த்தவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் மெத்தையை எடுத்துச் சுவரில் சாத்தி, கட்டிலை ஒருக்களித்து ஓரமாக நிறுத்தினாள். இலக்குக்குத் திணித்த சாக்கு வேண்டும். பழைய பேப்பரைத் திணித்தாள். அம்பு பட்டுத் தெறித்து விழுந்தது. துணிதான் தாங்கும். அவ்வளவு துணி அம்மாவின் அலமாரியில்தான் இருந்தது.

ஒவ்வொன்றாக எடுத்துத் திணித்தாள். தைல வாசனை வந்தது. சாக்கின் வாயைக் கட்டி மெத்தையின் முன் வைத்துவிட்டுத் தள்ளி வந்து நின்றாள். கை எழவில்லை.

"கொஞ்சம் ஒருக்களிச்சுக்கோம்மா," என்றாள் சத்தமாக. படுக்கை விரிப்பு மாற்றும்போது தினமும் சொன்னது. பிறகு எய்தாள்.

அம்பு நான்கு விரற்கடை உள்ளே போய் நின்றது. மூட்டையை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டால்தான் அதை உருவ முடிந்தது. ஒவ்வோர் அம்புக்கும் அப்படித்தான். அன்றைக்கு முப்பது அம்பு எய்தாள்.

புதன்கிழமை, கீழ் வீட்டில் தையல் மிஷின் போட்டிருக்கும் டெய்லரக்கா மேலே வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"என்னம்மா, ரெண்டு நாளா தொம்மு தொம்முனு? சுவர இடிக்கிறியா?"

அவள் வில்லைக் காட்டினாள். அக்கா கதவுப் பக்கமே நின்று வாய்மேல் கை வைத்துக்கொண்டாள்.

"ஒரு உதவி பண்றீங்களாக்கா? கீழ போய்க் கேளுங்க. ரெண்டுலயும் எய்யறேன். எது பரவால்லன்னு சொல்லுங்க."

கொஞ்ச நேரத்தில் மாடிப்படியிலிருந்து குரல் வந்தது. "ரெண்டாவதுதான். கேக்கவே இல்ல."

இரண்டாவது எய்தது வெளிர் வில். ஒருவர் தனக்காகக் காது கொடுத்துக் கேட்டுப் பதில் சொன்னதே அவளுக்குப் போதுமாக இருந்தது. அதையே எடுத்துக்கொள்வதென்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

வெள்ளிக்கிழமை கடைசியாக இரண்டையும் மாற்றி மாற்றி எய்தாள். கருப்பு வில்லை முழுதாக இழுக்க மூச்சைப் பிடிக்க வேண்டியிருந்தது. போன மாதம் மைதானத்தில் இதைவிட வலுவான வில்லை இழுத்திருக்கிறாள். பலம் குறைகிறது என்று புரிந்தது. அம்மாவை ஒரு நாளைக்கு நாலு தடவை தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, புரட்டிப் போட்டு வந்த பலம் அது. தூக்க ஆள் இல்லாததால் அது உடம்பை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. அம்மா அவளுக்கு விட்டுப்போனதில் அலமாரித் துணி போக மீதி இருந்தது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை வெளிர் வில்லைத் திருப்பிக் கொடுத்தாள்.

"கருப்பா?" என்றார் அவர். "கஷ்டமா இருக்குமே."

"இருக்கட்டும். எங்கம்மாவத் தூக்கித்தான் எனக்கு இந்தக் கை வந்துச்சு. லேசானத எடுத்தா போயிடும்."

அவர் நாணுக்குத் தேய்க்கும் மெழுகில் ஒரு கட்டியை எடுத்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது டெய்லரக்கா வாசலில் நூல் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சத்தம் போடறதத்தான் எடுத்திருக்கேன். தெனம் ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும்தான். பொறுத்துக்குங்க."

அக்கா ஊசியில் நூலைக் கோத்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "எய்யி. சத்தம் கேட்டா நீ வந்துட்டேன்னு தெரிஞ்சுக்கறேன். இல்லன்னா மேல ஆளு இருக்கான்னே தெரியறதில்ல."

அவள் தலையாட்டிவிட்டுப் படியேறினாள். மணி ஐந்தே முக்கால் ஆகியிருந்தது. பையைத் திறந்து, இரண்டு பாதியையும் பூட்டி, நாண் ஏற்றினாள். ஆறு அடிக்கட்டும் என்று சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.