முதல் பேஸ் ஓரத்து ஈரம்

"முதல் பேஸ் பக்கம் இன்னும் தண்ணி உடுடா, ரூஃபஸ். வெயில் குடிச்சிடும்." உள்ளூர் டீமின் வெள்ளைக்கார மேனேஜர் ஹாலிஸ் புகையிலைச் சாற்றை ரூஃபஸின் காலுக்கு ஒரு சாண் தள்ளித் துப்பினான். "அந்தக் கறுப்புப் பய இன்னிக்கு ஒரு பேஸ்கூடத் திருடக் கூடாது. திருடினான்னா நாளைக்கு உனக்கு இங்க வேலை கிடையாது."

"சரிங்கய்யா."

ரூஃபஸும் கறுப்பர்தான். இந்த பேஸ்பால் மைதானத்துப் புல்லும் மண்ணும் பன்னிரண்டு வருசமாக அவர் கையில்தான் கிடக்கின்றன. வெட்டலாம், வாரலாம், சுண்ணாம்புக் கோடு போடலாம். மட்டையைப் பிடித்து உள்ளே நிற்க மட்டும் அவர் நிறத்து ஆளுக்கு இந்த ஜார்ஜியா ஊரில் இடமில்லை. ஐம்பத்திமூன்றாம் வருசம் இது. இன்றைக்கு வெளியூர் டீமில் ஒருத்தன் வந்திருக்கிறான், வெண்டல் கிரைம்ஸ் என்று. இந்த லீக்கில் வெள்ளைக்காரர்களோடு ஆடும் முதல் ஆள். முதல் பேஸில் நின்றால், பந்து வீசுகிறவன் அசந்த நேரத்தில் இரண்டாவது பேஸுக்குப் பறந்துவிடுவானாம்; பேஸ் திருடுவது என்பது அதுதான். அதைப் பார்க்கத்தான் கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய தகரக் கொட்டகையில், சர்ச்சுக்குப் போட்ட உடுப்போடு சனம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது.

"ஏய்யா ரூஃபஸ், அங்க என்ன, கெளுத்தி மீனா வளக்கப் போற?"

கொட்டகையிலிருந்து ஒருத்தன் கத்த, கூட்டம் சிரித்தது. அவர் மனைவி ஒடெஸ்ஸா சிரிக்கவில்லை.

ஓடுகிறவன் கால் புதையும்படி தண்ணீரை விட்டார். ஆனால் புல் ஓரமாக, ஒரு பலகை அகலத்துக்கு, மேல்மண் கறுக்கிற அளவுக்குத் தெளித்துவிட்டுக் குழாயைத் திருப்பிக்கொண்டார். பார்வைக்கு எல்லாம் ஒரே ஈரம். அடியில் அந்தப் பட்டை மட்டும் கட்டாந்தரை. ஹாலிஸ் வந்து பூட்ஸ் குதிகாலை அழுத்தினான். புதைந்தது. பட்டைக்கு ஒரு சாண் இப்பால் மறுபடி அழுத்தினான். ரூஃபஸ் குழாயைச் சுருட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தார். அங்கும் புதைந்தது. "ம்" என்று போய்விட்டான்.

ஆட்டத்துக்கு முன்னால் வெண்டல் உடம்பைச் சூடேற்ற அந்தப் பக்கம் ஓடிவந்தான். ரூஃபஸ் மண்ணை வாரியபடி, தலை தூக்காமல் சொன்னார்: "தம்பி, பேஸ்ல இருந்து கிளம்பறப்ப ரெண்டடி பின்னால, புல்லு ஓரமா நில்லு. அங்க தரை கெட்டி."

அவன் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் குதித்தான். "தண்ணி ஊத்தினது நீங்கதான, பெரியவரே?"

"நான்தான்."

"போன ஊர்லயும் நம்ம ஆளு ஒருத்தர்தான் சிரிச்சிக்கிட்டே சோறு போட்டாரு. மூணு நாள் எந்திரிக்கல நான்."

ஹாலிஸ் பார்த்துக்கொண்டிருந்தான். ரூஃபஸ் மண்வாரியை இழுத்துக்கொண்டு நகர்ந்தார்.

வெண்டலுக்கு வந்த முதல் பந்தே அவன் விலாவில் இறங்கியது. வெள்ளைக்காரர் பக்கம் கைதட்டல். அடி வாங்கினவனுக்கு முதல் பேஸ் சும்மா கிடைக்கும், அது விதி. விலாவைத் தடவக்கூடச் செய்யாமல் நடந்துபோய் நின்றான். கொட்டகை மொத்தமும் எழுந்தது. "ஓடு ராசா! ஓடு!"

பேஸை விட்டு நாலெட்டு விலகினான், இரண்டாவது பேஸுக்குப் போகிற நேர்வழியிலேயே. இடது கால் சேற்றில் இறங்கியது. பிடுங்கினான்; செம்மண் கட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தது. ரூஃபஸ் வாரிக் காம்பை இறுக்கிப் பிடித்தார். பின்னால் வாடா, தம்பி. வந்தால் என் வேலை போய்விடும். வாடா.

ஹாலிஸ் பெஞ்சை விட்டு எழுந்து வெளியே வந்தான். அவன் கண் ரூஃபஸ் மேல் இருந்தது.

பந்து வீசுகிறவன் தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தான். வெண்டல் முட்டியை மடக்கினான். வலது காலை மெல்லப் பின்னுக்கு நகர்த்தி, புல் ஓரத்து மண்ணை முன்பாதத்தால் ஒருமுறை தட்டினான்; புதையவில்லை. பிறகு முழுப் பாரத்தையும் அதன்மேல் வைத்தான்.