எச்சில் பந்து

அந்தப் பந்துக்கு எச்சில் பந்து என்று பெயர் வைத்தது சில்லறைதான்.

பந்து கைக்கு வந்த இருபத்து நான்கு விநாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும் என்பது கூடைப்பந்தில் சட்டம். எறியாவிட்டால் சங்கு ஊதிப் பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆரம்பத்தில் எல்லோரும் கை நீட்டி அதைக் கேட்பார்கள். கடிகாரம் கரையக் கரைய அது கை மாறிக்கொண்டே போகும். கடைசி இரண்டு விநாடியில் யாரோ ஒருத்தியிடம் வந்து விழும். அப்போது எதிரணியில் இரண்டு பேர் அவள் முகத்தை மறைத்து நிற்பார்கள். குறி பார்க்க நேரம் இருக்காது. எறிந்தால் அநேகமாக விழாது, எறியாமலும் இருக்க முடியாது.

"எல்லாரும் தொட்டுப் பாத்துட்டு வேணாம்னு தள்ளினது. எச்சில் இல்லாம வேற என்னவாம்?" என்று ஒருநாள் தண்ணீர் குடித்துக்கொண்டே சில்லறை சொன்னாள். பெண்கள் சிரித்ததில் ஒருத்திக்குப் புரையேறியது. பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தக் காலத்தில் எச்சில் பந்தை வாங்கிக்கொண்டவள் ஏணி. அணித்தலைவி அவள்தான். "இப்படிக் குடு" என்று கையைத் தட்டிக் கேட்டு வாங்குவாள். எறிவாள். பெரும்பாலும் வளையத்தில் பட்டுத் திரும்பும். யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை, அவளும் நினைத்ததில்லை.

ஏணியும் சில்லறையும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் ஏணி, தம்பியைக் கட்டியவள் சில்லறை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. இருவருக்கும் வேலையும் ஒரே பார்சல் கிடங்கில்தான். பெல்ட்டில் ஓடிவரும் பெட்டிகளை ஊர் பார்த்துப் பிரித்துப் போட வேண்டும். லாரிகள் வந்து நிற்கும் மேடைக்குப் பின்னால் சிமெண்ட் தரையும் இரண்டு வளையங்களும் இருந்தன. கிடங்கின் பெண்கள் அணியில் ஆடுகிறவர்களுக்கு ஒப்பந்த வேலை. ஆட்டம் நின்றால் வேலையும் நின்றுவிடும். ஏணி நல்ல உயரம், அதனால் அந்தப் பெயர். மற்றவள் குள்ளம். ஒன்றும் இரண்டுமாகப் புள்ளி சேர்ப்பதால் சில்லறை. "நோட்டை மாத்தணும்னா சில்லறைகிட்டதான் வரணும்" என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

பிறகு புள்ளிக்காரர் வந்தார். தலைமை அலுவலகம் அனுப்பிய ஆள். சின்ன வயதுதான், மரியாதையான பேச்சு. ஆட்டத்தின்போது ஓரத்து மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு யார் எறிந்தது, விழுந்ததா இல்லையா என்று தட்டிக்கொண்டே இருப்பார். அதிகப் புள்ளி எடுப்பது பெரிய காரியம் இல்லை, ஒரு எறிக்கு எத்தனை புள்ளி கிடைக்கிறது என்பதுதான் ஒரு நட்சத்திரத்தின் அளவு என்று அவர் எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினார். மறுநாள் கேன்டீன் சுவரில் திரை மாட்டினார்கள். மொத்தப் புள்ளியில் எப்போதும் முதலில் நின்ற ஏணி, எறிக்குப் புள்ளியில் நான்காவதாக இருந்தாள். சில்லறை இரண்டாவது.

டீ ஊற்றுகிற அம்மா திரையைப் பார்த்துவிட்டு, ஏணியில் எத்தனை படி உடைந்துபோயிருக்கிறது என்று கேட்டாள். கேலிதான். ஏணியும் சிரித்தாள். ஆனால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

வீட்டில் அவள் புருஷன் அதைக் கேட்டுவிட்டு ஆறுதலாகத்தான் சொன்னான். அவன் லாரி ஓட்டுகிறவன்.

"மைலேஜ் பாக்கறாங்க, அவ்வளவுதானே. மலை ஏறுற வண்டி எங்கயாவது மைலேஜ் குடுக்குமா? சமதரையில ஓட்டினா ஓட்டை லாரிகூடக் குடுக்கும். இதுக்குப் போய் முகத்தைத் தூக்கி வச்சுக்கறியே."

நீ மலை ஏறுகிறவள் என்று அவன் சொன்னான். சமதரையில் ஓட்டினால் போதும் என்று அவள் காதில் விழுந்தது.

அதற்கப்புறம் கிடங்கு முழுக்க அந்த எண்ணுக்கு மைலேஜ் என்றே பெயர். இந்த மைலேஜை வைத்துத்தான் நிர்வாகம் ஒரு முடிவும் சொன்னது. பருவம் முடியும்போது பட்டியலில் முதலில் நிற்பவளுக்கு நிரந்தர வேலை. கடைசியில் நிற்பவளின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது.

ஏணி எதையும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அவள் பின்னாளில் தன்னிடமே பலமுறை சொல்லிக்கொண்டதும் இதுதான், அது பொய்யும் இல்லை. அடுத்த ஆட்டத்தில் கடிகாரம் கரைந்தபோது, கை தட்டிக் கேட்க வேண்டிய அவள் கை தட்டவில்லை. பந்து தானாக அவளிடம் வந்தது. இடது மூலையில் சில்லறை நிற்பது தெரிந்தது. கைகள் பந்தை அங்கே தள்ளிவிட்டன. சில்லறை எறிந்தாள். விழவில்லை. ஓடி வரும்போது, "தட்டு கழுவறதும் நானு, இதுவும் நானா?" என்று ஏணியின் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. மற்றப் பெண்களுக்கும் மைலேஜ் இருந்தது. கடிகாரம் கரைந்தால் ஒருத்திக்கு ஷூ கயிறு அவிழ்ந்துவிடும், இன்னொருத்தி எதிராளியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். சில்லறை மட்டும் மூலையில் கையை விரித்துக்கொண்டு நின்றாள். யாராவது எறிந்தாக வேண்டுமே என்பது அவள் நியாயம். ஏணி வளையத்துக்குக் கீழே நின்று எளிய பந்துகளை மட்டும் போட்டாள். போட்டதெல்லாம் விழுந்தது. திரையில் அவள் பெயர் ஒவ்வொரு படியாக ஏறியது. சில்லறையின் பெயர் இறங்கி இறங்கி, திரையில் கேன்டீன் நாற்காலிகளின் முதுகு மறைக்கிற இடத்துக்கு வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் சில்லறையின் புருஷனுக்கு வேலை போனது. அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். கம்பெனியை மூடிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து மின்விசிறியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். சில்லறை அப்போதும் சிரிப்பாள். மின்விசிறி இப்போது ஏறி இறங்கவும் பழகிவிட்டது என்பாள். ஆனால் பாத்திரம் கழுவும்போது குழாயை மூட மறந்து நிற்பதை ஏணி பார்த்திருக்கிறாள். மூடிவிட்டுப் போயிருக்கிறாள். ஒன்றும் கேட்டதில்லை.

பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள் புள்ளிக்காரர் ஏணியைத் தேடி பெல்ட் அருகே வந்தார். பட்டியல் மேலே போவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றார். சில்லறையின் எண் பருவ ஆரம்பத்தில் அவ்வளவு நன்றாக இருந்ததும் பிறகு இப்படிச் சரிந்ததும் அவருக்கு உறுத்தியிருக்கிறது. கணக்கில் தெரியாத காரணம் ஏதாவது இருந்தால் குறிப்பாக எழுதிச் சேர்க்கலாம், அதைப் பார்த்து மேலே இருப்பவர்கள் யோசிப்பார்கள் என்றார்.

"நீங்க தலைவி. கூட ஆடறவங்க. உங்களுக்குத்தான் தெரியும். ஏன்க்கா அவங்க இப்படி எறியறாங்க?"

பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஏணி இரண்டு பெட்டிகளை எடுத்துப் போட்டாள். ஒன்றைத் தவறான பக்கம் போட்டுவிட்டுத் திரும்ப எடுத்தாள். எச்சில் பந்து என்று ஒரு பந்து இருக்கிறது என்று அவள் சொல்லத் தொடங்கினால், அதை யார் யார் தள்ளிவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் தள்ளியவள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். திரையில் அவள் பெயர்தான் உச்சியில் இருந்தது.

"அவளுக்கு எப்பவும் அவசரம்" என்றாள்.

புள்ளிக்காரர் தலையாட்டினார். எழுதிக்கொண்டார்.

ஏணிக்கு நிரந்தர வேலை வந்தது. வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், சில்லறையும்தான். அவள்தான் ஏணியின் புது அடையாள அட்டையை வாங்கி, போட்டோவில் கழுத்துக்கு மேலேதான் இருக்கிறது, அதுவே அட்டையில் அடங்கவில்லை என்று கேலி செய்தாள். ஒரு வாரம் கழித்துச் சில்லறையின் கையில் வேறு காகிதம் கொடுத்தார்கள், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று. அவள் புருஷனுக்கு நகரத்தின் மறுகோடியில் ஒரு அடுக்குமாடி வீட்டில் காவல் வேலை கிடைத்தது, அங்கேயே ஒரு அறையும். தனிக்குடித்தனம் போவது என்று முடிவாயிற்று.

போகிற அன்று இருவரும் சமையலறையில் தட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் கீழே வண்டியில் கட்டிலைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சில்லறை ஒவ்வொரு தட்டாகச் செய்தித்தாளில் சுற்றினாள். நிமிராமலே பேசினாள்.

"அக்கா, எனக்கு அவசரம்னு சொன்னீங்களாமே. காகிதம் குடுக்கறப்ப படிச்சுக் காட்டினாங்க."

ஏணி கையிலிருந்த தட்டைத் துடைத்தாள்.

"நிஜந்தான். அவசரமாத்தான் எறிஞ்சேன்." தட்டைப் பெட்டிக்குள் வைத்தாள். "யாரோட அவசரம்னு மட்டும் சொல்லாம விட்டுட்டீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். பெல்ட்டில் பெட்டி மாறியிருப்பதைச் சுட்டிக்காட்டுகிற குரலில்தான் சொன்னாள். கீழேயிருந்து வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். இந்தப் பெரிய வாணலி உங்களுடையதுதானே என்று கேட்டு, அதை எடுத்து ஏணியின் பக்கம் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த பருவம் தொடங்கியது. இடது மூலைக்கு ஒரு புதுப் பெண் வந்தாள். நன்றாக எறிவாள். திரையைப் பார்க்கவும் சீக்கிரமே பழகிக்கொண்டாள். யாரும் எச்சில் பந்து என்று சொல்வதில்லை. சொன்னால் யாராவது அதை எடுக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவதோ நான்காவதோ ஆட்டம். இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். பந்து கை மாறி மாறி ஏணியிடம் வந்தபோது கடிகாரத்தில் இரண்டு விநாடிதான் மிச்சம். அவள் இடது பக்கம் திரும்பினாள். கைகள் பழக்கத்தில் தள்ளப் போயின. புதுப் பெண் ஒரு அடி நகர்ந்து எதிராளியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மூலை காலியாக இருந்தது. சிமெண்ட் தரையில் சில்லறை வழக்கமாக நின்ற இடத்தில் பெயிண்ட் தேய்ந்திருந்தது. ஏணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சங்கு ஊதினார்கள். பந்து அவள் கையிலேயே இருந்தது. நடுவர் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

தோற்றார்கள்.

மறுநாள் கேன்டீனில் அவள் பெயர் திரையில் அதே இடத்தில், உச்சியில் இருந்தது. எண்ணும் மாறவில்லை. புள்ளிக்காரர் டீ வாங்கிக்கொண்டு வந்தார். ஏணி அவரை நிறுத்திக் கேட்டாள்.

"நேத்து பந்தைக் கையிலயே வச்சுட்டு நின்னேனே, அது எங்க வரும்?"

அவர் அவள் பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே சமாதானமாகச் சொன்னார்.

"எறியலைன்னா எறி கணக்குல வராதுக்கா. அது டீம் பேர்ல போயிடும். உங்களுக்கு ஒண்ணும் ஆகல."