லுப்வாமாவின் வெட்டுக்கத்தி

நாலுமான்சி தன் காப்பித் தோட்டத்துக்குள் கால் வைத்தபோது லுப்வாமா கையில் வெட்டுக்கத்தியோடு உள்ளே நின்றிருந்தான். அவனுடைய காப்பிச் செடிகள் நாலைந்து ஒரு பக்கம் பச்சையும் மறுபக்கம் மொட்டையுமாக நின்றதை நேற்றுதான் வேலியோரம் பார்த்திருந்தாள். வாடல் பூஞ்சை. அது வந்த செடி பிழைக்காது, அதை வெட்டிய கத்தி பட்ட செடியும் பிழைக்காது. மசாக்காப் பக்கம் எத்தனை தோட்டம் அப்படி மொட்டையானது!

வேறு ஆளாயிருந்தால் விரட்டியிருப்பாள். இவன் செத்துப்போன அவள் புருஷன் கசோசியின் ரத்தச் சகோதரன். ஒரே காப்பிப் பழத்தின் இரண்டு கொட்டைகளை தங்கள் ரத்தத்தில் தோய்த்து ஆளுக்கொன்று மென்று சகோதரரானவர்கள். கசோசி போனபின் வருஷா வருஷம் கூப்பிடாமலே வந்து கிளை கழித்துக் கவாத்து செய்கிறவன். அந்தக் கையைத் தடுப்பது செத்தவன் முகத்தில் துப்புகிற மாதிரி. ஆனால் இந்தத் தோட்டம் போனால் அவள் வீட்டில் அடுப்பெரியாது.

"கொழுந்தனாரே, கத்தியைக் கீழ வைங்க."

"என்ன மதனி, நான் இன்னும் டீகூட கேக்கலையே!"

"நெருப்புல காட்டிட்டு வெட்டுங்க."

அவன் சிரிப்பு நின்றது. "ஏன், என் கத்திக்குச் சொறி புடிச்சிருக்கா?"

"உங்க செடி வாடுது. பாத்தேன்."

"வெயிலுக்கு வாடுது! கசோசி இருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

"அவரு இருந்தா இந்நேரம் உங்க செடியப் பிடுங்கி எரிச்சிருப்பாரு."

லுப்வாமா கத்தியைத் தரையில் வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "நேத்து நாலு செடிய இந்தக் கத்தியாலதான் வெட்டினேன். பட்டைக்கடியில கருநீலக் கோடு, அந்த நோயேதான். எம் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல. வாயால சொன்னா உண்மையாயிடும்னு பயம்."

"போகட்டும். இங்க இன்னும் ஆரம்பிக்கலல்ல?"

அவன் நிமிரவில்லை. "நீங்க எந்திரிக்கிறதுக்குள்ள முடிக்கலாம்னு விடியுமுன்னமே வந்தேன், மதனி. ரெண்டு வரிசை முடிஞ்சுது."

அவள் திரும்பிப் பார்த்தாள். இரண்டு வரிசையிலும் கிளைக்குக் கிளை புது வெட்டு, ஈரம் காயாமல். காய் பிடித்த செடிகள். இப்போது பார்த்தால் நோய் என்று யாரும் சொல்ல முடியாது. நோய் வெளியே தெரியட்டும் என்று காத்திருந்தால் மிச்சமும் போகும். அவனை அறைய வேண்டும்போல இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது.

வீட்டுக்குப் போய் மண்வெட்டிகள் இரண்டும் கொள்ளிக்கட்டையும் கொண்டுவந்தாள். முதல் செடி கசோசி நட்டது. அதன் வேரில் அவளே ஓங்கி வெட்டினாள்.

"இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன், மதனி," என்றான் அவன்.

"வராம எப்படி? அடுத்த வருஷமும் வரணும்," என்று மற்ற மண்வெட்டியை அவனிடம் நீட்டினாள். "வெறுங்கையோட வாங்க. கத்தி நான் தர்றேன்."