ஒரு வரியில் ஒரு வேலை

பிரவீன்ராஜ் அனுப்பிய திருத்தம் மூன்றாம் முறையாகத் திரும்பி வந்த நேரத்தில், அது ஏற்கப்பட்டுவிட்டதாக அவன் அம்மா பாக்கியமேரி சர்ச் பங்கு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். பூசை முடிந்து வாசலில் நின்றவர்கள் அவனுக்குக் கைகொடுத்தார்கள். பங்குத்தந்தைகூட ஃபோனை நீட்டி, “எங்கப்பா, காட்டு” என்றார். நெட் இல்லை என்று சொல்லித் தப்பித்தான்.

‘பஸ் எப்போ’ என்பது திருச்சிப் பக்கத்துப் பேருந்து நேரங்களைச் சொல்லும் செயலி. யாருக்கும் சொந்தமில்லை, பைத்தான் நிரல்மொழி தெரிந்த எவரும் திருத்தம் அனுப்பலாம். பாக்கியமேரிக்குத் தொட்டியத்துக்குப் பக்கத்தில் பள்ளிக்கூட வேலை. அவருடைய நிறுத்தத்தில் நிற்காத எக்ஸ்பிரஸ்களையும் செயலி ‘வருகிறது’ என்றே காட்டும். வருவது உண்மைதான். புழுதியைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். அதைச் சரிசெய்யத்தான் பிரவீன் எழுதினான். ஒரே வரியில் எழுதினான்.

அவன் மேல் தப்பில்லை. அவன் கல்லூரியில் லேப் ரெக்கார்டில் ஒரு புரோகிராம் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். தாண்டினால் கையெழுத்து விழாது. எனவே மாணவர்கள் கணினி அறிவியல் கற்றார்களோ இல்லையோ, ஷேர் ஆட்டோவில் ஆளேற்றுவதுபோல ஒரு வரிக்குள் நிரலை ஏற்றக் கற்றிருந்தார்கள். பெயர்களுக்கும் இடம் கிடையாது. ஏ, ஏஏ, ஏஏஏ என்று சுருங்கி உட்கார்ந்திருக்கும்.

‘பஸ் எப்போ’வின் நடைவிதிகள் வேறு ஜாதி: ஒரு வரியில் ஒரு வேலை; பெயரைப் பார்த்தாலே பொருள் விளங்க வேண்டும். அந்த விதிகளைக் காவல் காப்பவள், அவன் திருத்தத்தை மூன்று முறையும் திருப்பி அனுப்பியவள் மைதிலி. வேறொரு கல்லூரி, இவனைப் போலவே இறுதியாண்டு. சண்டை போட்டே தீர்வதென்று ஸ்ரீரங்கம் உத்தர வீதிக் காபிக் கடையில் அவளைச் சந்தித்தான்.

“ஓடுதுங்க. ஓடுற புரோகிராமுக்கு எதுக்குங்க அலங்காரம்?”

“ஓடட்டும். வாய்விட்டுப் படிங்க.”

படித்தான். மூன்றாவது அடைப்புக்குறியில் மூச்சு வாங்கியது.

“ஏஏன்னா?”

“எக்ஸ்பிரஸ்ஸா இல்லையான்னு.”

“ஏஏஏ?”

பிரவீன் காபியைக் குடித்தான். தீர்ந்த பிறகும் குடித்தான்.

“மறந்துட்டீங்க.”

“மறக்கலைங்க. ஞாபகம் வரலை.”

பிரித்து எழுதினால் நீளும், வேறொன்றும் ஆகாது என்று காட்டுவதற்காகவே மடிக்கணினியைத் திறந்து வரியை உடைத்தான். எக்ஸ்பிரஸ்ஸா, இங்கே நிற்குமா, விடுமுறை நாளா என்று ஒவ்வொன்றுக்கும் முழுப் பெயர் வைத்துத் தனி வரியில் உட்கார்த்தினான். மூன்றாவதை உட்கார்த்தியதும் கை நின்றது. அந்த வரி விடுமுறை நாளில் எல்லாப் பேருந்துகளையும் சேர்த்து மறைத்தது. கூட்டத்துக்குள் ஒளிந்திருந்த ஏஏஏ இப்போது தனியாக நின்று முழித்தது.

மைதிலி எட்டிப் பார்த்தாள். “ஞாயித்துக்கிழமை மாவட்டத்துல பஸ்ஸே கிடையாதா?”

“எல்லாரும் பூசைக்குப் போயிடுவாங்கன்னு ஒரு நம்பிக்கைங்க.”

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். லேப் ரெக்கார்டு கதையை அவன் அவமானத்தோடு ஒப்புக்கொண்டான்.

“ஒரு பக்கம் குடுத்தாங்களா? கொடுத்து வச்சவங்க. எங்களுக்கு அரைப் பக்கம்” என்றாள் மைதிலி.

அரை மணியில் எல்லாம் பிரிந்தது, விடுமுறைப் பிழை திருந்தியது, சோதனைகள் அனைத்தும் தேறிப் பச்சையாயின, திருத்தம் ஏற்கப்பட்டது. “விதிகள்லயும் ஒண்ணு சேர்க்கணும். நீங்களே எழுதுங்க” என்று மடிக்கணினியை அவன் பக்கம் தள்ளினாள். எழுதினான்: ‘லேப் ரெக்கார்டு பழக்கத்தை லேபிலேயே விட்டுவிட்டு வரவும். இங்கே காகிதம் தீராது.’ கடைசியில் போட்டிருந்தான். அவள் அதைத் தூக்கி முதல் விதியாக வைத்தாள். திரும்பும்போது காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. தன்னை ஊர் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் ஊர்கிறது என்று எடுத்துக்கொண்டான்.

மறுநாள் சாயங்காலம் அம்மா வீடியோ காலில் வந்தார்.

“டேய், எக்ஸ்பிரஸ் ஒண்ணு நிக்காம போகுதுடா. ஃபோன்ல அது இல்லவே இல்ல!” தன்னை விட்டுவிட்டுப் போகும் பேருந்தைப் பார்த்து அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு அவன் கண்டதில்லை. “அடுத்தது நிக்கும்னு போட்டிருக்கு. இரு... இதோ வருது, வருது!”

அழைப்பைத் துண்டிக்காமலே ஏறிவிட்டார். திரையில் பேருந்தின் கூரை வந்தது. ஒரு வாழை இலைக் கட்டு குறுக்கே போனது. யாரோ ஒருவர் கம்பியை மாற்றிப் பிடித்தார்.

“அண்ணே, இந்த பஸ் வருதுன்னு எனக்குச் சொன்னது என் புள்ள.”

“நானும் இதுலதாம்மா வந்தேன்” என்றது கண்டக்டரின் குரல். “டிக்கெட் எங்க?”

“சத்திரம் பஸ்டாண்டு ஒண்ணு. எழுதினது அவன்தாண்ணே.”

விசில் அடித்தது. கூரை குலுங்கத் தொடங்கியது. பிரவீன் ஃபோனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அந்தக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.